கணக்குக்கு வீட்டுக்கு வந்து படிப்பிக்கிற ஆளை வைக்கிறதோ, ரவுண் கிளாசிலயே விடுறதோ?

விசுவமடு அம்மா

எல்லாருக்கும் வணக்கம். மகன் பத்தாம் ஆண்டு, வாற வருசம் ஓஎல் எண்ட பொதுச் சோதினை. மற்றப் பாடங்கள் 60, 70 எண்டு எடுத்துக்கொண்டு வாறான், தமிழ் 80க்குக் கிட்ட, கணக்கு மட்டும் போன தவணை 27. ஒன்றரை வருசமா கிளிநொச்சி ரவுணில ஒரு பெரிய கிளாசுக்கு விடுறன், சனி ஞாயிறு விடியவே பஸ் ஏறிப் போறவன், ஒரு கொட்டிலுக்க நூற்றிருபது பிள்ளையள் வாங்கில் வாங்கிலா நெருக்கி இருப்பினமாம், சேர் மைக்கில படிப்பிப்பாராம். சேரில நான் குறை சொல்லேல்ல, அவரிட்டப் படிச்சு ஏ எடுத்த பிள்ளையள் எங்கட ஒழுங்கையிலயே ரெண்டு பேர் இருக்கினம். இவன்ர கொப்பியும் நல்ல வடிவு, ஒரு கணக்கும் விடுபடேல்ல, விடைக்குக் கீழ சிவப்புப் பேனையால ரெண்டு கோடு அடிச்சு வச்சிருக்கிறான். ஆனா கொப்பிய மூடிப்போட்டு அதே கணக்கைத் துண்டில எழுதிக் குடுத்தா பேனைய உருட்டிக்கொண்டு பேசாம இருக்கிறான், கொஞ்சம் அதட்டினா கண் கலங்குது.

இப்ப ஒரு தம்பி வீட்டுக்கு வந்து படிப்பிப்பாராம், ஒரு மணித்தியாலத்துக்கு 1500 கேக்கிறார். என்ர மனுசன் ரெண்டு ஏக்கர் வயல்தான் செய்யிறார், காலபோக நெல்லு வெட்டினாத்தான் கையில காசு. குடுக்கிற காசு பிள்ளைக்குப் பிரயோசனப்படவேணும், அதுதான் கேக்கிறன். வீட்டுக்கு ஆள் வைக்கிறது உண்மையிலயே நல்லதோ? ஒருத்தர் நல்லாப் படிப்பிக்கிறாரோ இல்லையோ எண்டு என்னை மாதிரி அவ்வளவு படிக்காத தாய் என்னெண்டு கண்டுபிடிக்கிறது? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

மல்லாவி கணக்கு

வணக்கம் அக்கா. நான் மல்லாவிப் பக்கம் பதினெட்டு வருசமாப் பள்ளிக்கூடத்திலயும் பின்னேரத்தில வீட்டிலயும் கணக்குப் படிப்பிக்கிறன், பின்னேரம் பன்னிரண்டு பிள்ளைக்கு மேல எடுக்கிறேல்ல.

நீங்கள் கொப்பிய மூடிப்போட்டுக் குடுத்துப் பாத்தீங்களே, அதுதான் சரியான சோதினை, படிக்காத தாய் எண்டு சொல்லாதேங்கோ. கொப்பியில இருக்கிறது சேர் செய்த கணக்கு, உங்கட மகன் அதைப் பாத்து எழுதியிருக்கிறான். நூற்றிருபது பேருக்கு மைக்கில படிப்பிக்கிறவரால ஒவ்வொரு பிள்ளையின்ர கொப்பிக்கும் குனிஞ்சு பாக்க ஏலாது, அவரும் மனிசன்தானே.

இப்ப பத்தாம் ஆண்டு எண்டா கொரோனா நேரம் உங்கட மகன் சின்ன வகுப்பில இருந்திருப்பான். எங்கட பக்கம் அப்ப சூம் கிளாசுக்கு சிக்னல் தேடிப் பிள்ளையள் வயல் வரம்பிலயும் குளக்கட்டிலயும் நிண்டதுகள், வீட்டில ஒரு போன், அதையும் தகப்பன் வேலைக்குக் கொண்டுபோயிடுவார். அந்த நேரத்து ஓட்டையாலதான் பின்னமும் திசைகொண்ட எண்களும் (பிளஸ், மைனஸ் போட்ட எண்கள்) விட்டுப்போனது. இது ரெண்டும் இல்லாம அட்சரகணிதம் வராது, வட்டிக் கணக்கு வராது, ஒண்டும் வராது. பத்தாம் ஆண்டுக் கணக்கைத் திருப்பித் திருப்பிச் செய்விச்சா என்ன வரும், அத்திவாரம் அங்க இல்லையே.

நான் புதுசா ஒரு பிள்ளை வந்தா முதல் நாள் ஒண்டும் படிப்பிக்கிறேல்ல. ரெண்டு கணக்குக் குடுப்பன், ஒண்டு 1/2 + 1/3, மற்றது -3 - 5. விடைய விட, செய்யேக்க வாய் திறந்து சொல்லிச் சொல்லிச் செய் எண்டுதான் கேப்பன். போன மாசம் ஒரு பெட்டைப்பிள்ளை, பதினோராம் ஆண்டு, மேல மேலயும் கீழ கீழயும் கூட்டி 2/5 எண்டு எழுதிச்சு. பிழை எண்டு நான் சொல்லேல்ல. உள்ள போய் மனுசியிட்ட அரிசி அளக்கிற கொத்தை வாங்கிக்கொண்டு வந்து அரைக்கொத்து அரிசி போட்டுக் காட்டி, பிள்ளை இதுக்கு மேல நான் இன்னும் கொஞ்சம் கொட்டினா அரைக்கொத்தை விடக் கூடுமோ குறையுமோ எண்டு கேட்டன். கூடும் சேர் எண்டிச்சு. அப்ப 2/5 அரைய விடக் கூடவோ எண்டன். பிள்ளை கொத்தைப் பாக்குது, கொப்பியப் பாக்குது, அப்பிடியே ஒரு ரெண்டு நிமிசம். பிறகு தானே வெட்டிப்போட்டு, சேர் ரெண்டையும் ஆறில ஒண்டாக்கினா என்ன எண்டு கேட்டுது. பொதுப்பகுதி எண்டு நான் அதுக்குப் பிறகுதான் பேர் சொன்னன். அந்த ரெண்டு நிமிசம் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிஞ்ச ஆள்தான் உங்களுக்கு வேணும். கனபேர் பிள்ளை யோசிக்கத் தொடங்கினவுடன பேனைய வாங்கித் தாங்கள் செய்து காட்டிப்போடுவினம்.

-3 - 5 க்கு எட்டுப் பேரில ஐஞ்சு பேர் +8 எண்டு எழுதுவினம், மைனசும் மைனசும் பிளஸ் எண்டு பாடமாக்கினது. அது பெருக்கலுக்குச் சொன்ன விதி, கூட்டலுக்கில்ல. கடையில 300 ரூபா கடன், இண்டைக்கு மேல 500க்குச் சாமான் கடனா வாங்கினா முதலாளி உனக்கு 800 ரூபா தருவாரோ எண்டு கேட்டா உடன பிடிச்சிடுவினம்.

வீட்டுக்கு ஆள் வைக்கிற விசயம். பிஜிடிஈ எண்ட ஆசிரியர் டிப்ளோமா படிக்கேக்க எங்களுக்கு பென்ஜமின் புளூம் 1984ல எழுதின ஆய்வு ஒண்டு படிப்பிச்சவை. தனிய ஆள் வச்சுப் படிச்ச சராசரிப் பிள்ளை வழமையான வகுப்பில படிச்ச 98 வீதம் பேரை விட மேல வந்துதாம். பிறகு செய்த ஆய்வுகளில அவ்வளவு பெரிய வித்தியாசம் வரேல்ல. ஆனா புளூம் தனிய ஆளை மட்டும் வைக்கேல்ல அக்கா, ஒரு பாடம் முடிய சோதிச்சு, பிழைச்சதைத் திருத்தி, அது சரிவந்தாப் பிறகுதான் அடுத்த பாடம். உந்தத் தம்பி அப்பிடிச் செய்வாரெண்டா 1500 பிரயோசனம். கிளாசில சேர் விட்ட இடத்தில இருந்து தானும் ஓடுவாரெண்டா வேண்டாம்.

அறிவியல்நகர் 22

அன்ரி, நான் கிளிநொச்சி அறிவியல்நகரில இன்ஜினியரிங் படிக்கிறன், கிழமையில மூண்டு நாள் பின்னேரம் வீடுகளுக்குப் போய்ப் படிப்பிக்கிறனான், அதால அந்தத் தம்பியின்ர இடத்தில இருந்து சொல்லுறன்.

நான் முதல் விட்ட பிழையச் சொல்லுறன். பரந்தன் பக்கம் ஒரு பெடியனுக்கு ஆறு மாசம் படிப்பிச்சன், நான் பக்கத்தில இருக்கேக்க எல்லாக் கணக்கும் செய்வான், தாய்க்கும் சரியான சந்தோசம், எனக்குப் பிளேன்ரீயோட தட்டு நிறையப் பலகாரம் வரும். தவணைச் சோதினையில 31. இரவு நித்திரை வரேல்ல எனக்கு. பிறகுதான் விளங்கினது, அவன் ஒவ்வொரு வரி எழுதினாப் பிறகும் என்ர முகத்தைப் பாப்பான், நான் தலையாட்டினா அடுத்த வரி, நான் புருவத்தை உயர்த்தினா அழிப்பான். சோதினை மண்டபத்தில என்ர முகம் இல்லைத்தானே. அதுக்குப் பிறகு நான் கணக்கைக் குடுத்துப்போட்டு கிணத்தடிப் பக்கம் போயிடுவன், முழுக்கச் செய்து விடைய நீயே பிரதியிட்டுச் சரிபாத்தாப் பிறகு கூப்பிடு எண்டு சொல்லி. முதல் ரெண்டு கிழமை கோவம் அவனுக்கு, தாய்க்கும் தம்பி காசு வாங்கிப்போட்டு வெளியில நிக்கிறார் எண்டு மனசுக்க ஒரு மாதிரி. ஓஎல்லில அவன் பி எடுத்தவன்.

அதோட கொப்பியத் திருப்பித் திருப்பி வாசிக்கிற பழக்கத்தை விடுவியுங்கோ. 2006ல ரோடிகர், கார்ப்பிக் எண்டு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர் கம்பஸ் பிள்ளையளை வச்சுச் சோதிச்சவை, ஒரு கூட்டம் ஒரு பந்திய திரும்பத் திரும்ப வாசிச்சது, மற்றது வாசிச்சுப்போட்டு மூடி வச்சு நினைவில இருந்து எழுதினது. ஐஞ்சு நிமிசத்தால கேக்க வாசிச்ச கூட்டம்தான் கொஞ்சம் முன்னுக்கு, ஒரு கிழமை கழிச்சுக் கேக்க எழுதின கூட்டத்துக்குத்தான் கூட ஞாபகம். எங்கட பிள்ளையளும் அப்பிடித்தான், இரவு கொப்பிய வாசிக்கேக்க எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும்.

இன்னொண்டு, ஓஎல் கணக்குப் பேப்பர் ஒண்டின்ர ஏ பகுதியில 25 சின்னக் கேள்வி, ஒவ்வொண்டும் ரெண்டு புள்ளி, மொத்தம் 50. அது முழுக்க அடிப்படை. பழைய பேப்பர்களில அந்த 25ஐ மட்டும் கிழமைக்கு ஒண்டு, நேரம் வச்சுச் செய்யச் சொல்லுங்கோ. பிழைச்ச கேள்விக்கு எந்த ஆண்டுப் புத்தகத்தில எந்தப் பாடம் எண்டு பக்கத்தில எழுதவேணும். ஒரு மாசத்தில எங்க ஓட்டை எண்டு நீங்களே காணுவீங்கள் அன்ரி. ஆறு ஏழாம் ஆண்டுப் புத்தகம் இல்லாட்டி கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர சைட்டில சும்மா எடுக்கலாம்.

ஒட்டுசுட்டான் அப்பா

நான் படிப்பிக்கிறவன் இல்லை, மூண்டு பிள்ளையளைப் படிப்பிச்ச தகப்பன். மாஸ்ரர் சொன்னது முழுக்கச் சரி, ஆனா தங்கச்சி காசைப் பற்றியும் கேட்டவ, அதுக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்ல.

எங்கட பக்கம் ஆறு மணிக்குப் பிறகு யானை றோட்டுக்கு வந்திடும், பொம்பிளைப் பிள்ளைய ரவுண் கிளாசுக்கு விட்டுப்போட்டு கடைசி பஸ் வருமோ வராதோ எண்டு சந்தியில ரோச் லைற்றோட நிண்ட நாள் எனக்குக் கனக்க. அதால நாங்கள் நாலு வீடு சேந்தனாங்கள். நாலு பிள்ளையளும் ஒரே வகுப்பு, எங்கட விறாந்தையில ஒரு கரும்பலகை, படிப்பிக்க வாற பிள்ளைக்கு மணித்தியாலம் 1600, வீட்டுக்கு 400 தான் வந்தது. நாலு பேர் எண்டா ஒருத்தன் செய்ய மற்றவன் பிழை பிடிப்பான், அதிலயும் படிப்பு இருக்கு, என்ர ரெண்டாவது மகள் தனக்கு விளங்கினதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துத்தான் தானே வடிவா விளங்கினவ.

ஒரு கசப்பான விசயமும் சொல்லவேணும். என்ர மூத்தவன் படிச்ச காலம் ஒரு படிப்பிக்கிற ஆள், ஆர் எங்க எண்டு நான் சொல்லமாட்டன், பள்ளிக்கூடத்தில பாடத்தை அரையில விட்டுப்போட்டு மிச்சத்தைத் தன்ர ரியூசனில வச்சுக்கொள்ளுவார். போகாத பிள்ளையள் பின் வாங்கிலுக்குப் போச்சுதுகள். இலவசக் கல்வி எண்டு 1945ல இருந்து இருக்கிற நாட்டில கூலி வேலை செய்யிறவன்ர பிள்ளைக்கு உது செய்யிற பாவம் கொஞ்சமில்ல. அதால தங்கச்சி, ஆளை வைக்க முதல் பள்ளிக்கூடத்துக்குப் போய் கணக்கு ரீச்சரோட ஒருக்காக் கதையுங்கோ. நல்ல ரீச்சர்மார்தான் கூட, கேட்டா இடைவேளையில கூப்பிட்டுச் சொல்லிக் குடுப்பினம். எங்கட தாய் தகப்பன்மார் ரியூசன் சேரைத்தான் கண்டு கதைக்கினம், பள்ளிக்கூடப் படி ஏறுறேல்ல.

விசுவமடு அம்மா

எல்லாருக்கும் கோடி நன்றி. வாசிச்சு வாசிச்சு அழுதிட்டன்.

மாஸ்ரர் மல்லாவி எண்டு சொன்னீங்கள். 96ல கிளிநொச்சியால இடம்பெயர்ந்து நாங்கள் மல்லாவியிலதான் இருந்தனாங்கள், எனக்கு அப்ப பதின்மூண்டு வயசு, பாலை மரத்துக்குக் கீழ படிச்சனான், மழை வந்தா கொப்பிய வயித்துக்க வச்சுக்கொண்டு ஓடுறது. அங்க ஒரு ரீச்சர் மண்ணில ஈர்க்கால வட்டம் கீறித்தான் பின்னம் காட்டினவ, எங்களிட்ட சோக்கட்டி இல்லை. அதுக்குப் பிறகு என்ர படிப்பு நிண்டுபோச்சு.

நேற்று இரவு மகனை இருத்தி 1/2 + 1/3 குடுத்தன். நீங்கள் சொன்ன மாதிரியே 2/5. மாஸ்ரர் சொன்ன கொத்து எங்களிட்ட இல்லை, ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தனான், ஒரு ரொட்டிய அரைவாசியாப் பிச்சுத் தட்டில வச்சு, இன்னொரு ரொட்டிய மூண்டாப் பிச்சு ஒரு துண்டை அதோட சேத்து வச்சன். ஒரு ரொட்டிக்கு எவ்வளவு குறையுது எண்டு கேட்டன், நான் வேற ஒண்டும் சொல்லேல்ல. துண்டுகளை மாத்தி மாத்தி அடுக்கிப் பாத்தான். பிறகு, அம்மா ஆறில ஒரு துண்டு குறையுது எண்டான். அப்ப தட்டில எவ்வளவு எண்டன். ஆறில ஐஞ்சு எண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சான், கணக்குச் செய்து அவன் சிரிச்சு நான் கண்டு கனகாலம்.

பக்கத்து ஒழுங்கையில பத்தாம் ஆண்டு இன்னும் ரெண்டு பிள்ளையள் இருக்கினம், தாய்மாரோட இண்டைக்குக் கதைச்சிட்டன், அந்தத் தம்பிய சனிக்கிழமை வந்து ஒருக்காப் படிப்பிச்சுக் காட்டச் சொல்லியிருக்கிறன். பள்ளிக்கூடத்துக்குத் திங்கட்கிழமை போறன். மாஸ்ரர், ஒரே ஒரு கேள்வி, ரவுண் கிளாசை இப்பவே நிப்பாட்டட்டோ? அவன்ர கூட்டாளியள் எல்லாம் அங்கதான், நிப்பாட்டினா மனம் உடைஞ்சு போவானோ எண்டு பயமா இருக்கு.

மல்லாவி கணக்கு

அக்கா, உடன நிப்பாட்டாதேங்கோ. ஏஎல் (உயர்தர வகுப்பு) போக ஓஎல்லில ஆறு பாடம் பாஸ் வேணும், அதுக்குள்ள தாய்மொழியும் கணக்கும் இருக்கவேணும், மூண்டு பாடத்தில குறைஞ்சது சி (திறமைச் சித்தி) வேணும், மற்றப் பாடங்கள் அவனிட்ட இருக்கு, அதால அவனுக்குப் பதட்டம் வராமப் பாத்துக்கொள்ளுங்கோ. இந்தத் தவணை முடியுமட்டும் சனிக்கிழமை ரவுணுக்குப் போகட்டும், ஞாயிறு வீட்டில அந்த ரெண்டு பிள்ளையளோட ஆறு ஏழாம் ஆண்டுக் கணக்கு. தவணைச் சோதினை வர, திருத்தின பேப்பரை ரெண்டு பேரும் பக்கத்தில வச்சுப் பாத்து, எந்தக் கணக்கு எந்த நாள் விளங்கினது எண்டு அவனையே கேளுங்கோ, போறதோ விடுறதோ எண்டு அவன் சொல்லுவான்.

சனிக்கிழமை அந்தத் தம்பி வரேக்க நீங்கள் குசினிக்க போயிடாதேங்கோ. விறாந்தைத் தொங்கலில இருந்து கூடுதலான நேரம் பேனை ஆற்ற கையில இருக்குது எண்டு மட்டும் பாருங்கோ. மரத்துக்குக் கீழ படிப்பிச்ச அந்த ரீச்சர் ஆரெண்டு தனிமடலில சொல்லுங்கோ, எனக்கும் அங்கதான் படிப்பு.