விழுந்து கிடந்தவளைக் குத்திய கோப்ளின்: அது புத்தியா?

வடலி

சென்ற போயா (முழுநிலா) விடுமுறையன்று கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் நாங்கள் நால்வர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடினோம். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது; கதையையும் எதிரிகளையும் நடத்துபவர் மாஸ்டர். 2014 விதிகள், எல்லோருக்கும் முதல் நிலைப் பாத்திரங்கள்: போர்வீரன், பூசாரி, கள்வன், மந்திரவாதி. என் தங்கைக்குப் பதின்மூன்று வயது. அது அவளுடைய மூன்றாவது அமர்வு. தன் பூசாரிப் பாத்திரத்தின் ஊர், தாய், தெய்வம், கழுத்தில் போடும் வெள்ளிப் பதக்கம் எல்லாவற்றையும் இரண்டு வாரமாக ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள்.

காட்டுப் பாதையில் எங்கள் வண்டியை ஆறு கோப்ளின்கள், அதாவது குட்டிப் பூதங்கள், மறித்தன. அம்பை எய்துவிட்டு மரத்தின் பின்னால் ஒளிந்தன. இரண்டாம் சுற்றில் என் போர்வீரன் விழுந்தான்; தங்கை மந்திரச் சொல்லால் எழுப்பினாள். மூன்றாம் சுற்றில் மூன்று கோப்ளின்கள் என்னை விட்டு நழுவி அவளிடம் போயின. நழுவும் திறன் இருப்பதால், விலகுகிறவனுக்கு நான் கொடுக்க வேண்டிய இலவச அடியும் இல்லை. அவள் விழுந்தாள். நாலாம் சுற்றில் இரண்டு கோப்ளின்கள், நினைவில்லாமல் கிடந்தவளைக் குத்தின. கிடப்பவரை அருகிலிருந்து குத்தினால் ஒவ்வொரு குத்துக்கும் இரண்டு மரணத் தோல்வி. மூன்று வந்தால் முடிந்தது. விழுந்தவர் பிழைப்பாரா என்று தன் முறையில் உருட்டும் மரணப் பகடையை இரண்டாம் தடவை உருட்ட அவளுக்கு வாய்ப்பே வரவில்லை.

கொப்பியை மூடிவிட்டாள். அடுத்த அமர்வுக்கு வர மாட்டேன் என்கிறாள். எதிரிகளைப் புத்தியோடு நடத்துவது என்று மாஸ்டர்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தானா?

கீரிமலை

தம்பி, தங்கச்சியின் கவலை விளங்குகிறது. ஆனால் கோப்ளினைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதிநூலில் அதன் அறிவு எண் 10. சராசரி மனிதனுக்கும் அதே 10தான். உயிர்ப்புள்ளி ஏழு, நல்ல வாள்வீச்சு ஒன்று விழுந்தால் செத்துவிடும். அப்படிப்பட்ட உயிர் வெட்டவெளியில் நின்று உங்களோடு அடிக்கு அடி கொடுக்குமா? 80 அடிக்குத் தடையில்லாமல் எய்யும் வில் அதன் கையில் இருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் எய்த கையோடு ஒளியவும் முடியும். ஒளிந்திருந்து எய்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். எண்களே அதன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்கின்றன. மாஸ்டரின் வேலை அதை வாசிப்பது.

1987 நவம்பரில் வந்த டிராகன் இதழில், 127ஆம் இதழ், ஆசிரியர் ரோஜர் மூர் ஒரு தலையங்கம் எழுதினார். கோபோல்ட் என்னும் மிக எளிய பிராணிகள், ஒடுங்கிய சுரங்க வழிகளையும் நெருப்பையும் சுவரில் குடைந்த துளைகளையும் வைத்து, பெரிய நிலை வீரர்களை ஓட ஓட விரட்டிய கதை. டக்கர் என்ற மாஸ்டரின் கோபோல்ட்கள் என்று இன்றும் பேசுகிறார்கள். எதிரியின் எண்களைக் கூட்டாமல், புத்தியை மட்டும் கூட்டியதால்தான் அது மறக்கப்படவில்லை. கிளித்தட்டில் கோட்டில் நிற்பவன் மறிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், தாண்டியவனுக்கு என்ன பெருமை?

செம்பருத்தி

கீரிமலை அண்ணா, அந்தத் தலையங்கத்தை நானும் படித்திருக்கிறேன். அதில் அடிபட்டவர்கள் அனுபவம் உள்ளவர்கள், பெரிய நிலையில் இருந்தவர்கள். ஓடுவதற்கு அவர்களுக்கு உயிர்ப்புள்ளி மிச்சம் இருந்தது. முதல் நிலைப் பூசாரிக்குப் பத்து இருந்தாலே அதிகம். இரண்டு அம்பு போதும். அதே தந்திரத்தை இங்கே கொண்டுவந்தால் அது வேறு விளையாட்டு ஆகிவிடுகிறது.

எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. மாஸ்டருக்கு எல்லாம் தெரியும். யாருடைய கவச எண் எத்தனை, யாரிடம் மந்திரம் மிச்சம், யார் மந்திரத்தைக் கலையாமல் தாங்கும் மனக்குவிப்பில் இருக்கிறார் என்பதெல்லாம் அவர் கண்முன் இருக்கின்றன. கோப்ளினுக்கு எப்படித் தெரியும்? கேடயம் தெரியும், சங்கிலிக் கவசம் தெரியும், யார் தள்ளாடுகிறார் என்பது தெரியும். உயிர்ப்புள்ளி நெற்றியில் எழுதியா இருக்கிறது? மந்திரவாதியை வாழ்நாளில் ஒரு தடவையும் காணாத கோப்ளின், அவன் மனக்குவிப்பைக் கலைக்க ஓடுவதை நான் மேசையில் பார்த்திருக்கிறேன். அங்கே சண்டையிடுவது கோப்ளின் அல்ல, மாஸ்டர்.

நேரமும் ஒரு பிரச்சினை. ஆறு கோப்ளினும் ஆறு இடத்தில் ஒளிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பகடை. எங்கள் மேசையில் ஒரு சுற்று இருபத்தைந்து நிமிடம் போனது. பருத்தித்துறைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் சண்டை நடுவில் எழுந்து போனார்.

ஒற்றைப்பனை

வடலி சொல்லும் அந்த மாஸ்டர் நான்தான். மறைந்திருந்து படிப்பது சரியில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று என் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். கோப்ளின்களுக்குப் பூசாரியின் எண் எதுவும் தெரியாது. அவை கண்ணால் கண்டது ஒன்றைத்தான்: செத்தான் என்று நினைத்த வீரன், அவள் ஒரு சொல் சொன்னதும் எழுந்து நின்று அவர்களில் ஒருவனை வெட்டினான். அறுபது அடி தூரத்தில் இருந்தே அந்தச் சொல்லைச் சொல்ல முடியும். அதைக் கண்ட எவனும் அவளிடம்தான் ஓடுவான். விழுந்தவர் மறுபடி எழுவார் என்பதையும் அப்போதுதான் கற்றார்கள். ஆகவே குத்தினார்கள். செம்பருத்தி அக்கா கேட்கும் அளவுகோலை வைத்தே நடத்தினேன்.

பகடையைத் திரைக்குப் பின்னால் உருட்டவில்லை. எல்லோர் கண்முன்னும் உருட்டினேன். பிள்ளை என்று எண்ணை மாற்றியிருந்தால், அவள் அடுத்த முறை வென்றபோது அந்த வெற்றியையும் நம்பியிருக்க மாட்டாள். இதை நான் மனதாரச் சொல்கிறேன். ஆனாலும் அவள் கொப்பியை மூடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பழைய மேசை

இந்த விவாதத்தில் ஒன்றை யாரும் சொல்லவில்லை: பயம். நாங்கள் 1981ஆம் ஆண்டு அடிப்படை விதிகளில் விளையாடிப் பழகியவர்கள். அதில் ஒவ்வொரு எதிரிக்கும் மனத்திட எண் ஒன்று உண்டு. அவர்கள் பக்கத்தில் முதல் ஆள் செத்ததும், பிறகு பாதிப் பேர் வீழ்ந்ததும், மாஸ்டர் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டுவார். எண்ணைத் தாண்டினால் ஓட்டம். கோப்ளினுக்கு 7. எட்டோ அதற்கு மேலோ விழ 36க்கு 15 வாய்ப்பு. அதாவது முதல் பிணம் விழும்போதே ஐந்துக்கு இரண்டு முறை அவை ஓடிவிடும். கோபோல்டுக்கு 6, இன்னும் கோழை. எலும்புக்கூட்டுக்கும் ஸோம்பி என்னும் நடைப்பிணத்துக்கும் 12. அவை ஓடவே மாட்டா, ஏனென்றால் இழக்க அவற்றுக்கு உயிர் இல்லை. இந்த ஒரே எண்ணில் எத்தனை குணச்சித்திரம் இருக்கிறது பாருங்கள்!

மானிப்பாய் வீதியில் இரவு பத்து மணிக்குச் சைக்கிளில் வந்தவர்களுக்குத் தெருநாய்களைத் தெரியும். ஒன்று முன்னால் நின்று குரைக்கும். நாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, சத்தம் போடாத இன்னொன்று குதிக்காலுக்கு வரும். அதை யாரும் அவற்றுக்குப் படிப்பிக்கவில்லை. விதிநூலில் ஓநாயின் அறிவு எண் 3, ஆனால் கூட்டாளி பக்கத்தில் நின்றால் இரண்டு பகடை, கடித்தால் ஆளை விழுத்தும். நம் நாய்களின் கணக்கும் அதுதான். ஆனால் நீங்கள் இறங்கி, கல் எடுப்பதுபோலக் குனிந்து பாருங்கள். கல் கையில் இருக்க வேண்டியதே இல்லை. முழுக் கூட்டமும் வேலிக்குள் போய்விடும். எந்த நாயும் ஒரு மனிதனுக்காகச் சாக வரவில்லை.

மாஸ்டர் தம்பி, உங்கள் கோப்ளின்களில் எத்தனை செத்தன?

ஒற்றைப்பனை

பூசாரி விழுவதற்கு முன்பே இரண்டு செத்தன. ஒன்றை வடலியின் வீரன் வெட்டினான், மற்றதைக் கள்வன் எய்தான். அவளைக் குத்திய பிறகு மூன்றாவதும் செத்தது. அப்போதுதான் மிச்சம் மூன்றும் ஓடின.

பழைய மேசை

அப்படியானால் அவை இரண்டு பிணங்களைத் தாண்டி, வெட்டுகிற வீரனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிடப்பவளைக் குத்த நின்றன. ஏழு உயிர்ப்புள்ளி உள்ள பிராணி தன் ஒரு சுற்றை அப்படிச் செலவழிக்காது. அது துணிந்தவன் செய்வது. கோப்ளின் துணிந்தது அல்ல.

செம்பருத்தி

ஐயா சொன்னதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு படி போகிறேன். அவை எதற்காகப் பாதையை மறித்தன? வண்டிக்காக. கொலைக்காக அல்ல. கையில் நினைவில்லாத பூசாரி, எதிரே இரண்டு மூன்று பேர். உண்மையிலேயே புத்தியுள்ள கோப்ளின் தலைவன் கத்தியை அவள் கழுத்தில் வைத்து, “வண்டியை விட்டுவிட்டுப் போங்கள்” என்பான். அந்த ஒரு வசனத்தால் வீரனின் வாள், கள்வனின் வில், மந்திரவாதியின் மிச்ச மந்திரம் எல்லாம் செயலற்றுப் போகின்றன. ஒரு பகடையும் உருட்டாமல் வென்றுவிடுகிறான். குத்தினால் கிடைப்பது என்ன? ஒரு பிணமும், விடுவதற்கு ஒன்றும் இல்லாத மூன்று கோபக்காரர்களும்.

ஒற்றைப்பனை, உங்கள் கோப்ளின்கள் போதிய அளவு புத்தியோடு நடக்கவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. நேற்றுவரை நான் எதிர்ப்பக்கமாகப் பேசிக்கொண்டிருந்தேன் என்பது தெரிகிறது.

கீரிமலை

பணயம் பிடிப்பது நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை விதியாக்கிவிடாதீர்கள். விழுந்தவரை எதிரி தொடவே மாட்டான் என்று மேசைக்குத் தெரிந்த நாளில் இருந்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வீரன் விழுவான், ஒரு சொல்லில் எழுவான், அடிப்பான், மறுபடி விழுவான், மறுபடி எழுவான். ஒரே சண்டையில் ஒருவன் நாலு தடவை விழுந்து எழுந்ததைப் பார்த்திருக்கிறேன். யாரும் ஓடிப்போய் அவனைத் தூக்கவில்லை, யாரும் முன்னால் நின்று மறிக்கவும் இல்லை. ஏன் மறிக்க வேண்டும்? சாவு அந்த மேசையை விட்டுப் போய்விட்டதே. பிணந்தின்னியோ பசித்த ஓநாயோ விழுந்தவனை இழுத்துக்கொண்டு போகத்தான் வேண்டும். அதற்குத் தேவை இரை.

நாவற்குழி

நான் அதிகம் எழுதுவதில்லை. 1995இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்து பாலத்தைக் கடந்தபோது எனக்கு ஒன்பது வயது. விழுந்து கிடந்தவர்களைக் கண்டிருக்கிறேன். நான் இந்த விளையாட்டுக்கு வருவது, விழுந்தவரை யாராவது தூக்கிவிட முடிகிற ஓர் உலகத்துக்காக. எந்த மேசையில் அமர்ந்தாலும் முதல் நாளே மாஸ்டரிடம் இதைச் சொல்லிவிடுகிறேன். கேட்ட யாரும் மறுத்ததில்லை. ஒற்றைப்பனை, உங்களைக் குறைசொல்ல எழுதவில்லை. அமர்வுக்கு முன் எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கீரிமலை

அண்ணை, நீங்கள் இருக்கும் மேசையில் நான் மாஸ்டராக இருந்தால் விழுந்தவரைத் தொட மாட்டேன். இரை பற்றி எழுதியதை மற்ற மேசைகளுக்கு வைத்துக்கொள்கிறேன்.

பழைய மேசை

கற்றுக்கொடுப்பது பற்றி ஒன்று. எனக்கு முந்நூற்றுநாலு என்னும் சீட்டாட்டத்தைப் படிப்பித்தது என் பாட்டனார். 304 புள்ளி, நாலு சாதிச் சீட்டுக்கும் 76 வீதம். அந்தக் கணக்கையே அவர் ஒரு கிழமை சொல்லித் தந்தார். அவர் விட்டுக்கொடுத்து விளையாடியதே இல்லை. கவிழ்த்து வைத்த துரும்பை எனக்காக ஒருநாளும் திறந்து காட்டவில்லை. ஆனால் முதல் மாதம் முழுவதும் ஆட்டம் முடிந்தபின் சீட்டுகளைப் பரப்பி, “நான் இதைப் போட்டபோதே என் துரும்பு என்ன என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்” என்று காட்டுவார். இரண்டாம் மாதம் எனக்குத் தெரிந்தது.

கோப்ளின்களுக்கும் அப்படிச் செய்யலாம். பாதையில் பழைய வண்டி ஒன்று கவிழ்ந்து கிடக்கட்டும். மரத்தில் இரு பக்கத்தில் இருந்தும் பாய்ந்த அம்புகள். காலடித் தடம் அடிக்கடி இடம் மாறியிருக்கட்டும். தந்திரத்தைக் குறைக்கத் தேவையில்லை. படிக்கத் தெரிந்த கண்ணுக்கு முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். நேரம் போவதற்கும் வழி உண்டு: சண்டைக்கு முன்பே ஒரு சிறு அட்டையில் இரண்டே வரி எழுதுங்கள். என்ன வேண்டும், எப்போது ஓடும். ஒளிவதற்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பகடை. சுற்று ஐந்து நிமிடத்தில் முடியும்.

ஒற்றைப்பனை

அட்டை எழுதினேன். “வேண்டியது: வண்டியும் கழுதையும். இரண்டு பேர் செத்தால் ஓட்டம்.” எழுதி வைத்துப் பார்க்கும்போது போயா அன்று நான் நடத்தியது கோப்ளின் அல்ல என்பது தெரிகிறது. எழுந்த வீரனைக் கண்டு கோப்ளின்கள் பூசாரியிடம் ஓடியது சரி, அதை இன்றும் மாற்ற மாட்டேன். குத்தியது, நல்ல நகர்வு ஒன்று கையில் கிடைத்த சந்தோஷத்தில் நான் செய்தது.

வடலி, நடந்ததை நான் அழிக்க முடியாது. மற்ற மூவரும் அங்கே இருந்தார்கள். தங்கச்சியிடம் நேரில் வந்து பேசலாமா?

வடலி

வாருங்கள் அண்ணா. இதையெல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கழுத்தில் கத்தி வைக்கும் இடம் வந்தபோது, “அப்படியென்றால் நான் அவனோடு பேசியிருப்பேன்” என்றாள். பூசாரிக்குக் கோப்ளின் மொழி தெரியுமாம், கொப்பியில் எழுதியிருக்கிறாளாம். எங்களில் யாரும் அதைக் கேட்டதே இல்லை.

பழைய பாத்திரத்தைத் திரும்பத் தர வேண்டாம் என்கிறாள். அந்தப் பூசாரிக்கு ஓர் அக்கா இருப்பதாக இன்று காலை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். உங்களிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள்: ஓடிய மூன்றில் தலைவன் இருந்தானா? வெள்ளிப் பதக்கம் யாரிடம்?

ஒற்றைப்பனை

இருந்தான். தொடையில் கள்வனின் அம்பு, அதனால் நொண்டி நொண்டித்தான் போகிறான். பதக்கம் அவன் கழுத்தில். வடக்கே, ஆற்றுப் பக்கமாக.