‘லூஸ் கான்டாக்ட்’: தமிழில் என்ன எழுதுவது? வெள்ளிக்கிழமை அச்சு

காட்பாடியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். வயர்மேன் மாணவர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலும் கொடுக்கப் போகிறோம். ஃபேஸ், நியூட்ரல், எர்த், சாக்கெட் எல்லாவற்றையும் ஆங்கிலச் சொல்லாகவே விட்டாயிற்று, அவற்றை மறுபடி கிளற வேண்டாம். ‘லூஸ் கான்டாக்ட்’, அதாவது மின் இணைப்பு இறுக்கமாகப் பிடிக்காமல் போவது, அது ஒன்றுதான் பாக்கி. சுவர் சாக்கெட் கருகுவதற்கும் பொறி தெறிப்பதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். ‘தளர்தொடுகை’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

ஆரணியிலிருந்து:

வேண்டாம் ஐயா. பாதுகாப்பு அறிக்கையில் ‘தொடுகை’ என்று பார்த்ததும் கை படுவதாகத்தான் படிப்பார்கள். ‘தளர்வாகத் தொடலாம்’ என்றுகூட ஒருவர் எடுத்துக்கொள்ளக்கூடும்.

சாக்கெட்டைக் கிளறாதீர்கள் என்கிறீர்கள், ஆனாலும் ஒரு வரி. இலங்கைத் தமிழில் அதற்குக் ‘குதை’ என்ற சொல் உண்டு. வில்லின் முனையில் நாண் மாட்டும் வெட்டுக்கும் குதை என்றுதான் பெயர். ஒன்று போய் மாட்டி இறுக நிற்கும் இடம் குதை. இதைவிடப் பொருத்தமாக வேறென்ன கிடைக்கும்?

குடியாத்தத்திலிருந்து:

சொல் தேடுவதற்கு முன் பொருளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். லூஸ் கான்டாக்ட் என்று நாம் சொல்வதில் இரண்டு பழுது இருக்கிறது.

ஒன்று முன்பக்கம். சாக்கெட்டுக்குள் பிளக்கின் பின்னைக் கவ்விப் பிடிப்பது பித்தளைத் தகடு. செருகிச் செருகி எடுத்ததில் அதன் இறுக்கம் போய்விடும். அளவு பொருந்தாத பிளக்கைத் திணிப்பதும் இதை வளர்க்கும். அறிகுறி, பிளக் ஆடும், தன் கனத்திலேயே கீழே சாயும்.

இன்னொன்று பின்பக்கம். ஒயரைப் பிடித்திருக்கும் டெர்மினல் திருகு இளகிப்போவது. இங்கே பிளக் இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் பிளேட் சுடும், தீய்ந்த வாடை வரும். அங்கிருந்து அடுத்த பாயிண்டுக்கு ஒயரை நீட்டி லூப் எடுத்திருந்தால் அங்கே விளக்கும் சிமிட்டும். பழைய வீடுகளின் அலுமினிய ஒயரில் இது அதிகம். திருகின் அழுத்தத்தில் அலுமினியம் நாளாக ஆக நசுங்கிக் கொடுத்துவிடும்.

வைத்தியமும் வேறு வேறு. முன்பக்கம் என்றால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும். குறடு வைத்துத் தகட்டை நெருக்கினால் நிற்காது. சூடுபட்ட பித்தளைக்கு ஸ்பிரிங் தன்மை திரும்பாது. பின்பக்கம் என்றால் கருகிய ஒயரை நல்ல செம்பு தெரிகிற வரை வெட்டி, சுமார் 1 செ.மீ. உரித்து, இழை பிரியாமல் முறுக்கி, திருகை இறுக்கி, ஒயரை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரே சொல்லைப் போட்டால், முன்பக்கம் பழுதான வீட்டிலும் திருகை முறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆரணியிலிருந்து:

குடியாத்தத்தார் பிரித்துக் காட்டியது அருமை. அப்படியானால் முன்பக்கத்துக்கு ‘நெகிழ்பிடி’. ‘தொடியொடு தோள்நெகிழ’ என்கிறது குறள். முன்பு இறுகியிருந்தது இப்போது கழல்கிறது, அதுதான் நெகிழ்தல். வினைத்தொகை என்பதால் நெகிழ்ந்த பிடி, நெகிழ்கின்ற பிடி, நெகிழும் பிடி என மூன்று காலமும் அடங்கும். நாளுக்கு நாள் வளர்கிற பழுதுக்கு இப்படி ஒரு சொல் வாய்ப்பது அரிது. வினைத்தொகையில் ஒற்று மிகாது, அச்சகத்தில் ‘நெகிழ்ப்பிடி’ ஆக்கிவிடாமல் பாருங்கள்.

வாணியம்பாடியிலிருந்து:

‘நெகிழி’ இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும், பிளாஸ்டிக் என்று. ‘நெகிழ்பிடி’யைப் பார்த்தால் பிளாஸ்டிக் கைப்பிடி என்றுதான் நினைப்பார்கள். ‘தளர்பிடி’ போடலாமே?

ஆரணியிலிருந்து:

‘தளர்பிடி’ என்றால் தளர்ந்த பெண்யானை. சங்கப் பாட்டில் பிடியும் களிறும் சேர்ந்து வரும் இடங்கள் பல. அந்தப் பொருள் முந்திக்கொள்ளும்.

ஆற்காட்டிலிருந்து:

இந்த அறிக்கையைக் கையில் வாங்கும் அம்மா சங்கப் பாட்டை நினைக்க மாட்டார். ‘பிளக்கு தொளதொளன்னு இருக்கு’ என்று சொல்வார். நான் கேட்பது ஒன்றுதான், அவர் சொல்வதற்குப் பக்கத்தில் நம் சொல் நிற்க வேண்டும். பேச வராத சொல்லை அச்சடித்து எந்தக் காலத்திலும் தமிழ் வளர்ந்ததில்லை.

இன்னொன்று. ‘எம்சிபி இருக்கிறதே, ட்ரிப் ஆகிவிடாதா’ என்று எல்லோரும் கேட்பார்கள், கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச் அது. அதற்கும் பதில் வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து:

ட்ரிப் ஆகாது. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் எடுப்பது ஏறக்குறைய 8.7 ஆம்பியர். பிடி விட்ட இடத்தில் 0.2 ஓம் தடை சேர்ந்தால் அந்த ஒரு புள்ளியில் 15 வாட் சூடு உண்டாகும், சாக்கெட் கருக அது போதும். மின்னோட்டம் கூடவில்லை, சற்றுக் குறையத்தான் செய்கிறது. எம்சிபிக்கு இது எப்படித் தெரியும்? எர்த்துக்குக் கசிவும் இல்லை, அதனால் கசிவைக் கண்டால் அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் பேசாமல் இருக்கும். ஆகவே கண்ணும் மூக்கும்தான் காவல் என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.

கழற்றும் முறையையும் சேருங்கள். சாக்கெட் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயினை அணைக்க வேண்டும். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, மெயினை அணைத்து, பழுதான சாக்கெட்டின் எல்லாத் துளைகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் மாறிப்போன வீடுகள் உண்டு. நேராகப் பார்க்கையில் வலது ஃபேஸ், இடது நியூட்ரல், மேலே எர்த். 16 ஆம்பியர் பாயிண்டுக்கு 2.5 சதுர மி.மீ.க்குக் குறைந்த ஒயர் கூடாது.

காட்பாடியிலிருந்து:

நேரமில்லை, முடிக்கிறேன். முன்பக்கம் ‘பிடி தளர்வு’, பின்பக்கம் ‘திருகு தளர்வு’. முதல் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் ‘லூஸ் கான்டாக்ட் என்று சொல்வது’ என்று வரும். வாணியம்பாடி, ஆற்காடு, குடியாத்தம் மூவரும் சம்மதம்.

ஆரணியிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் இதைக் கலைச்சொல் என்று ஏற்க மாட்டேன். பிடியினது தளர்வு என்று விரித்தால் ‘பிடித்தளர்வு’ என ஒற்று மிகும். ‘திருகு’ உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், நன்னூல்படி வேற்றுமையில் அதன் முன் மிகாது, ‘திருகுதளர்வு’ என்றே நிற்கும். ஒரே பக்கத்தில் ஒன்றில் த் வந்து மற்றதில் வராது. மாணவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

வாணியம்பாடியிலிருந்து:

‘பிடி தளர்தல்’, ‘திருகு தளர்தல்’ என்று மாற்றிவிட்டால் இரண்டும் எழுவாய்த் தொடர். ஒற்று எங்கும் மிகாது.

ஆரணியிலிருந்து:

அது தொடர், சொல் ஆகாது. அடுத்த பதிப்புக்கு ‘நெகிழ்பிடி’யை மறுபடி எடுத்து வருவேன்.