ஃப்ளாப் பெட் சைஸ்: சால்வர் ஏழு சைஸையும் கலந்து காட்டுது, எதை எடுக்கிறது?

புதுச்சீட்டு:

வணக்கம். நோ லிமிட் ஹோல்டம் போக்கர், ஆறு பேர் டேபிள், 100 பிக் பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்னாடியே கட்டுற பெரிய கட்டாயப் பணம்) ஸ்டாக். பட்டன்ல (ஃப்ளாப்புக்கு அப்புறம் கடைசியா ஆடுற இடம்) இருந்து 2.5 பிளைண்டுக்கு ஓப்பன், ஸ்மால் பிளைண்ட் ஃபோல்டு, பிக் பிளைண்ட் கால். பாட் (நடுவுல சேர்ந்த பணம்) 5.5. ஃப்ளாப் (போர்டுல விழுற முதல் மூணு பொதுச் சீட்டு) கே-7-2, மூணும் வேற வேற சூட். பிக் பிளைண்ட் செக் பண்ணிட்டார், அதாவது பெட் கட்டாம விட்டுட்டார். இப்ப பட்டன் எவ்வளவு பெட் பண்ணணும்?

எல்லாரும் சொல்றது, "இந்த மாதிரி காய்ஞ்ச போர்டுல பாட்ல 33 சதவீதம், கிட்டத்தட்ட எல்லாக் கையோடயும்." என் சால்வர்ல (சமநிலை ஆட்டத்தைக் கணக்குப் போடுற மென்பொருள்) அப்படி வரவே இல்ல. 25, 33, 50, 66, 75, 100, 150னு ஏழு சைஸ் குடுத்தேன். ஒவ்வொரு கையும் ஏழுலயும் சிதறிக் கிடக்குது. ஏ-கே கொஞ்சம் 33, கொஞ்சம் 66, கொஞ்சம் 100. செட் (கையில ஜோடி, போர்டுலயும் அதே சீட்டு) எல்லாம் பெரிய சைஸ் பக்கம் சாயுது. இது போதாதுன்னு ரேஞ்ச்ல (ஒருத்தர்கிட்ட இருக்கக்கூடிய எல்லாக் கைகளும்) கணிசமான பகுதி செக்குக்குப் போகுது.

செட்டிங்ஸ்: மெமரி பத்தாததால டர்ன், ரிவர் (நாலாவது, அஞ்சாவது பொதுச் சீட்டு) ரெண்டுலயும் 50 சதவீதம் ஒண்ணு மட்டும். பிழை பாட்ல 1 சதவீதத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். பிக் பிளைண்ட் ரேஞ்சுக்கு, பட்டன் ஓப்பனுக்கு எதிரா அவர் ஃபோல்டு பண்ணாத கைகளோட சார்ட்டை அப்படியே போட்டிருக்கேன்.

இதுல எந்த சைஸை எடுத்துக்கணும்? அதிக சதவீதம் வர்றதையா?

நிதானம்:

அதிக சதவீதம் வருவதை எடுக்காதீர்கள். சைஸ் கேள்விக்கு விடை அந்த நிற நிறப் பட்டைகளில் இல்லை, ஈவி (சராசரியாகக் கிடைக்கும் லாபம்) எண்ணில் இருக்கிறது. பலர் இங்கேதான் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

சமநிலையில் ஒரு கை இரண்டு சைஸாகப் பிரிந்தால், அந்தக் கைக்கு அவ்விரண்டும் ஒரே ஈவி தருகின்றன என்று அர்த்தம். ஒன்று கூடுதலாகத் தந்தால் சால்வர் மற்றதைத் தொடவே தொடாது. ஏ-கே 33-க்கு 40 சதவீதமும் 66-க்கு 20 சதவீதமும் போவதால் 33 இரண்டு மடங்கு நல்லது என்று ஆகாது.

அடுத்தது துல்லியம். 5.5 பாட்டில் 1 சதவீதம் என்றால் 0.055 பிளைண்ட். கே-7-2 போர்டில் 33-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் பல கைகளுக்கு இதைவிடச் சிறியது. மூட்டை நிறுக்கும் தராசில் குண்டுமணியை வைத்து எடை பார்த்தால் என்ன தெரியும்? நீங்கள் பார்க்கும் கலவையில் ஒரு பகுதி வெறும் இரைச்சல். இன்னும் ஓடவிட்டால் அதே கை வேறு சைஸுக்குத் தாவும். 0.25 சதவீதம் வரையாவது ஓடட்டும்.

ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகள் இரைச்சலால் வருவதில்லை. செட்கள் பெரிய சைஸுக்குச் சாய்வதும், ரேஞ்ச் அதிகம் செக் செய்வதும் ட்ரீயிலிருந்தும் ரேஞ்சிலிருந்தும் வருபவை.

முதலில் ட்ரீ, அதாவது எந்தச் சுற்றில் என்னென்ன பெட் செய்யலாம் என்று நீங்கள் சால்வருக்குக் கொடுத்த கிளைகள். ஃப்ளாப்பில் 33 சதவீதம் பெட், கால்: பாட் சுமார் 9.1. டர்னில் 50 சதவீதம், கால்: 18.3. ரிவரில் 50 சதவீதம் என்றால் இன்னொரு 9.1. மூன்று தெருவிலும் (பெட் சுற்றிலும்) சேர்த்து உள்ளே போனது 15.5 பிளைண்ட், கையில் இருந்ததோ 97.5. செட் வைத்திருக்கும் பட்டனுக்கு இது போதுமா? டர்னிலும் ரிவரிலும் பாட்டை வளர்க்கும் வழியை நீங்கள் அடைத்துவிட்டதால், திறந்திருக்கும் ஒரே இடமான ஃப்ளாப்பில் அது பெரிய சைஸைத் தேடுகிறது. ஃப்ளாப் சைஸ் தவறாக வந்தால் நான் முதலில் டர்ன், ரிவர் சைஸ்களைத்தான் பார்ப்பேன்.

மூன்று தெருவிலும் பாட்டின் ஒரே விகிதத்தில் பெட் செய்து ரிவரில் முழு ஸ்டாக்கும் உள்ளே போக எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கே ஸ்டாக் பாட்டைப்போல் 17.7 மடங்கு. அதற்கு ஒவ்வொரு தெருவிலும் பாட்டில் 116 சதவீதம் வேண்டும். இதுவே பிக் பிளைண்ட் 11-க்கு 3-பெட் (ஓப்பனுக்கு மேல் மறு ரெய்ஸ்) செய்து பட்டன் கால் செய்த பாட் என்றால் பாட் 22.5, மீதி 89. தெருவுக்கு 54 சதவீதம் போதும். அந்த பாட்களில் டர்ன், ரிவருக்கு 50 மட்டும் வைத்தாலும் பெரிய சேதம் இல்லாததற்கு இதுதான் காரணம். ஒற்றை ரெய்ஸ் பாட்டில் டர்னுக்கும் ரிவருக்கும் ஓர் ஓவர்பெட் (பாட்டைவிடப் பெரிய பெட்) கட்டாயம் வேண்டும், ரிவரில் ஆல்-இன்னும் (மீதி ஸ்டாக் முழுவதும்) சேருங்கள்.

மெமரிக்கு என்ன செய்வது என்பீர்கள். ஃப்ளாப்பில் ஏழு சைஸை வெட்டி இரண்டாக்குங்கள்: 33, 75. மிச்சமாகும் இடத்தை டர்னுக்கும் ரிவருக்கும் கொடுங்கள்.

இப்போது ரேஞ்ச். "ஃபோல்டு பண்ணாத கைகள்" என்றீர்களே, அதில் ஏ-ஏ, கே-கே, ஏ-கே இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

புதுச்சீட்டு:

ஆமா சார், மூணுமே இருக்கு. கியூ-கியூ, ஜே-ஜே, ஏ-கியூ சூட்டட் எல்லாம் முழுசா இருக்கு. சார்ட்ல 3-பெட்டுக்கு ஒரு நிறம், காலுக்கு ஒரு நிறம். இறக்குமதி பண்ணும்போது ரெண்டும் சேர்ந்தே வந்திருக்கு.

நிதானம்:

அப்படியானால் செக் அதிகமாக வருவதற்கு விடை கிடைத்துவிட்டது. ஏ-ஏ, கே-கே, ஏ-கே எல்லாம் நிஜத்தில் ப்ரீஃப்ளாப்பிலேயே பெரும்பாலும் 3-பெட் ஆகிவிடும். கால் செய்து ஃப்ளாப் பார்க்கும் பிக் பிளைண்டிடம் அவை அநேகமாக இருக்காது. பட்டனிடமோ எல்லாம் முழுதாக இருக்கும். கே-7-2 போர்டில் பட்டனுக்கு இருக்கும் ஆதிக்கமே இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் வருகிறது. உங்கள் ஃபைலில் எதிராளியிடமும் மேல் செட்டும் ஏ-கே-வும் இருப்பதால் பட்டன் பயந்து செக் செய்கிறது. கொடுத்த ரேஞ்சுக்குச் சரியான விடையைத்தான் அது தந்திருக்கிறது.

கால் நிறத்தை மட்டும் தனியாக எடுத்துப் போடுங்கள். ஒரே கை கொஞ்சம் கால், கொஞ்சம் 3-பெட் என்று இருந்தால் காலுக்குரிய எடையை மட்டும் கொடுங்கள். ரேக் (நடத்துபவர் பாட்டிலிருந்து பிடிக்கும் கமிஷன்) எடுக்கும் விளையாட்டு என்றால் அதையும் உள்ளிடுங்கள். சார்ட் ரேக் இல்லாமல் போட்டது, சால்வர் ரேக்கோடு ஓடுகிறது என்று முரண்படக் கூடாது.

பிறகு அதே ட்ரீயை மூன்று முறை ஓட்டுங்கள். முதல் தடவை ஃப்ளாப்பில் 33, 75 இரண்டும். அடுத்து 33 மட்டும். அதன்பின் 75 மட்டும். டர்ன், ரிவர் சைஸ்களும் நிறுத்தும் துல்லியமும் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது. பட்டன் பெட்டா செக்கா என்று முடிவெடுக்கும் இடத்தில் அதன் மொத்த ஈவியைக் குறித்துக்கொள்ளுங்கள். 33 மட்டும் கொடுத்ததற்கும் இரண்டும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் துல்லிய எல்லைக்குள் அடங்கினால், 33-ஐ எடுத்துக்கொண்டு அடுத்த போர்டுக்குப் போய்விடலாம்.

ரிவர்வாசி:

நிதானம் சார் சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். ஏன் 33-னு புரிஞ்சுக்கிட்டா மனப்பாடம் தேவையில்ல. கே-7-2ல டிரா (இன்னொரு சீட்டு வந்தா ஸ்ட்ரெயிட், ஃப்ளஷ் ஆகுற கை) கிடையாது. கால் பண்ண பிக் பிளைண்ட் ரேஞ்ச்ல பாதிக்கு மேல ஒண்ணுமே தொட்டிருக்காது, ஜே-9, கியூ-10, 6-5 மாதிரி. அந்தக் கைகளைத் தூக்கிப் போட வைக்க பெரிய தொகை வேண்டியதில்ல. 8-8 வச்சிருக்கிற பட்டனுக்கு கியூ-10 ஃபோல்டு பண்ணாலே லாபம், ஏன்னா அதுக்கு ஆறு அவுட் (வந்தா முந்திடுற சீட்டு) இருக்கு, கால்வாசி ஈக்விட்டி (பாட்டை ஜெயிக்கிற வாய்ப்பு). பெரிசா அடிச்சா மிஞ்சுறது கே வச்சிருக்கிறவங்களும் அதுக்கு மேலயும்தான், அப்ப நம்ம 8-8 என்ன பண்ணும்?

நடைமுறைக் கணக்கு: 5.5 பாட்ல 1.8 பெட். எதிராளி நாலுல ஒரு தடவை ஃபோல்டு பண்ணாலே வெறுங்கை பிளஃபுக்கு நஷ்டம் இல்ல. 75 சதவீதம்னா 43 சதவீத ஃபோல்டு வேணும். பெரும்பாலானவங்க சின்ன பெட்டுக்கே நிறைய ஃபோல்டு பண்ணுவாங்க. நோட் லாக் (ஒரு இடத்துல எதிராளி ஆடுற விதத்தை நாமே நிர்ணயிக்கிறது) போட்டு அதைச் சொல்லிக் குடுத்துப் பாருங்க ப்ரோ, எல்லாக் கையும் 33-க்கு வந்துடும்.

நிதானம்:

லாக் போடும்முன் ஓர் எச்சரிக்கை. 33 சதவீத பெட்டுக்கு எதிராளி 75 சதவீதம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்ற எண்ணை ஃப்ளாப்பில் சட்டமாக வைக்கக் கூடாது. அந்தச் சூத்திரம் பிளஃபுக்கு ஈக்விட்டியே இல்லை, செக் செய்தால் ஈவி பூஜ்யம் என்று கருதிக்கொள்கிறது. ஃப்ளாப்பில் இரண்டுமே உண்மையில்லை. அதனால் இத்தகைய போர்டில் சால்வரின் பிக் பிளைண்டே கால்பங்குக்கு மேல் ஃபோல்டு செய்யும். "25-ஐத் தாண்டி ஃபோல்டு செய்கிறார், ஆகவே பலவீனமானவர்" என்று முடிவு கட்டுமுன், சமநிலையில் அந்த இடத்தில் எவ்வளவு ஃபோல்டு வருகிறது என்று பார்த்து அதோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று: ஃப்ளாப் கணுவை மட்டும் லாக் செய்தால், அதே எதிராளி டர்னிலும் ரிவரிலும் பிழையே இல்லாமல் ஆடுவதாகச் சால்வர் எடுத்துக்கொள்ளும். எந்தத் திசையில் மாறவேண்டும் என்பதை மட்டும் அதிலிருந்து எடுங்கள், எண்களை அல்ல.

புதுச்சீட்டு:

ரேஞ்ச் மாத்தி, டர்ன்-ரிவர்ல 50, 150, ரிவர்ல ஆல்-இன் போட்டு 0.25 வரைக்கும் ஓட்டினேன். கே-7-2ல இப்ப கிட்டத்தட்ட எல்லாமே 33. 33 மட்டும் குடுத்ததும் ரெண்டும் குடுத்ததும் துல்லிய எல்லைக்குள்ளயே இருக்கு. 75 மட்டும் குடுத்தா ஈவி தெளிவாக் குறையுது, செக்கும் ஏறிடுது. ரொம்ப நன்றி சார்.

அதே ஃபைல்ல போர்டை மட்டும் 8-7-6னு மாத்தினேன், ரெண்டு ஹார்ட். இப்ப பட்டன் பெரும்பாலும் செக், பெட் பண்றப்ப 75 பக்கம் போகுது. இன்னும் ஏதாவது செட்டிங் சரியில்லையா?

நிதானம்:

இல்லை, இது சரியாகவே இருக்கிறது. 8-7-6-ல் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. பிக் பிளைண்ட் மலிவாக கால் செய்யும் 10-9, 9-5 சூட்டட், 5-4, 8-7, 7-6 எல்லாம் இங்கே ஸ்ட்ரெயிட்டாகவோ இரண்டு ஜோடியாகவோ இருக்கும். பட்டன் ரேஞ்சில் ஏ-ஜே, கே-கியூ போன்ற, போர்டைத் தொடாத பெரிய சீட்டுகள் நிறைய. மொத்த ரேஞ்சோடும் பெட் செய்தால் செக்-ரெய்ஸ் (செக் செய்தவரே திருப்பி ஏற்றுவது) வந்து விழும், ஈக்விட்டி உள்ள கைகளையும் கீழே போட வேண்டிவரும்.

அப்படியும் பட்டனிடம் ஜே-ஜே, கியூ-கியூ மாதிரி ஓவர்பேர்கள் (போர்டில் உள்ள எல்லாவற்றையும்விடப் பெரிய ஜோடிகள்) உண்டு. இப்போது முன்னால் இருந்தாலும் 9, 10, ஹார்ட் என்று எந்தச் சீட்டு வந்தாலும் அவற்றின் நிலைமை மோசமாகும். இவற்றுக்கு இப்போதே பணம் உள்ளே போக வேண்டும். டிராக்கள் அதிக விலை கொடுத்துத்தான் டர்ன் பார்க்க வேண்டும். ஆகவே பெட் செய்யும் கைகள் குறையும், சைஸ் கூடும். ரேஞ்ச் முழுவதும் முன்னிலையில் இருந்தால் சின்ன சைஸ், அடிக்கடி. வலுவான ஒரு பகுதி மட்டும் பெட் செய்ய விரும்பினால் பெரிய சைஸ், எப்போதாவது. எந்த போர்டைத் திறந்தாலும் இந்த இரண்டில் எது என்று முதலில் நீங்களே ஊகித்து எழுதிவிட்டு அப்புறம் சால்வரைப் பாருங்கள்.

மூன்றும் ஒரே சூட்டில் வரும் போர்டுக்கு இது அப்படியே பொருந்தாது. அங்கே ஆபத்து அதிகம் என்றாலும் சின்ன சைஸ்தான் பெரும்பாலும் வரும். ஃப்ளஷ் ஏற்கெனவே அமைந்துவிட்டதால் பெரிய பெட்டுக்கு கால் செய்பவரின் ரேஞ்ச் மிகவும் வலுத்துவிடும்.

ரிவர்வாசி:

இதெல்லாம் டேபிளை மூடின பிறகு பண்ற வேலை ப்ரோ. ஆடிக்கிட்டு இருக்கும்போது சால்வரைத் திறந்து வச்சுப் பார்த்து ஆடுறது ஆன்லைன் ரூம்கள்ல தடை, அக்கவுண்டே போயிடும்.

புதுச்சீட்டு:

தெரியும் ப்ரோ, படிக்க மட்டும்தான். கடைசியா ஒண்ணு: எத்தனை ஃப்ளாப் ஓட்டணும்?

நிதானம்:

மொத்தம் 22,100 ஃப்ளாப். சூட் பெயரை மாற்றினால் ஒன்றாகிவிடுபவற்றைச் சேர்த்தால் 1,755. அத்தனையும் வேண்டாம். எடை போட்ட சின்னத் தொகுப்பு ஒன்றை எடுத்து மொத்த அறிக்கை (அந்த ஃப்ளாப்கள் எல்லாவற்றுக்குமான சுருக்கம்) ஓட்டினால் போக்கு தெரிந்துவிடும். தொகுப்பு எடுக்கும்போது சூட் விகிதத்தைக் கவனியுங்கள்: இரண்டு சீட்டு ஒரே சூட்டில் வரும் ஃப்ளாப் 55 சதவீதம், மூன்றும் வேறு வேறு சூட் 40, மூன்றும் ஒரே சூட் 5. பலரும் கே-7-2 மாதிரி மூன்று சூட் போர்டுகளாகவே ஓட்டிப் பழகுகிறார்கள், பாதிக்கு மேல் வருவதோ மற்ற வகை. நீங்கள் இதே கே-7-2-ஐ இரண்டு ஹார்ட்டோடு ஓட்டி, 33 எந்தெந்தக் கைகளில் இறங்குகிறது என்று பார்த்து எழுதுங்கள், அங்கிருந்து தொடரலாம்.