கோல்ஃபில் இரண்டே அடியில் கிரீன் பக்கம், குழிக்கு இன்னும் ஆறு: கடலூரில் உட்கார்ந்து எப்படிப் பழகுவது?

கெடிலக்கரை:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பம், வயது 51. துபாயில் 11 வருடம் வேலை பார்த்தபோது ஆபீஸ் நண்பர்கள் கோல்ஃபில் இழுத்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி இரண்டு வருடமாகிறது. கடலூரில் கோல்ஃப் மைதானம் ஏது? மாதம் ஒரு தடவை விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய், நண்பர் ஒருவரின் விருந்தாளியாக 18 குழி ஆடிவிட்டு இரவு வீடு திரும்புவேன். வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'திருப்பதி யாத்திரை'. பணமும் போகும், முடியும் போகும்.

டீயிலிருந்து, அதாவது குழிக்குக் குழி ஆட்டம் தொடங்கும் இடத்திலிருந்து, அடிப்பது எனக்குப் பரவாயில்லை. 200 கஜம் போகும், முக்கால்வாசி நேராகவும் போகும். குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய கிரீன் கிட்டே வந்தால்தான் கை வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது. போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பார்-4 குழி, அதாவது நாலு அடியில் முடிக்க வேண்டியது. இரண்டாவது அடியில் பந்து கிரீன் விளிம்புக்கு நாலு கஜம் முன்னால் நின்றது. குழியில் நட்ட கொடி விளிம்பிலிருந்து இன்னும் 20 கஜம் உள்ளே. நடுவில் ஒரு தடையும் இல்லை. 'இதில் பார் வராவிட்டால் காபி என் செலவு' என்றார் நண்பர். 60 டிகிரி வெட்ஜை எடுத்தேன், முகம் நன்றாகச் சாய்ந்து பந்தை உயரத் தூக்கும் கிளப் (மட்டை) அது. முதல் அடி பந்துக்குப் பின்னால் மண்ணில் இறங்கியது. தோசை அளவுக்குப் புல் பெயர்ந்து பறந்தது, பந்து இரண்டு கஜம்கூடப் போகவில்லை. அடுத்தது பந்தின் நடு வயிற்றில் பட்டு, தரையோடு தரையாக கிரீனைக் கடந்து அந்தப் பக்கத்துப் பங்கரில், அதாவது மணல் பள்ளத்தில், போய் விழுந்தது. பங்கரில் இரண்டு. கிரீனில் குழியை நோக்கி உருட்டும் புட் இரண்டு. மொத்தம் எட்டு. பை தூக்கும் கேடிப் பையன் எதுவும் சொல்லவில்லை. கார்டில் எழுதும்போது மட்டும் 'எட்டுங்களா சார்?' என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டான்.

யூடியூபில் ஒருவர் மணிக்கட்டை மடக்கு என்கிறார், அடுத்தவர் மடக்கினால் தொலைந்தாய் என்கிறார். என்னிடம் இருப்பது 30 அடிக்கு 20 அடி மொட்டைமாடி. பத்து நிமிட தூரத்தில் சில்வர் பீச். இவற்றை வைத்துக்கொண்டு இந்தக் கிட்டத்து ஆட்டத்தைச் சரிசெய்ய வழி உண்டா?

பூரணாங்குப்பம்:

அந்த 60 டிகிரி வெட்ஜை விற்றுவிடுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதியை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

லாஸ்பேட்டை ஏசி:

சார், மேலே அவர் விளையாட்டுக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான்.

நான் 15 வயதிலிருந்து 9 வருடம் சென்னையில் கேடியாக இருந்தவன். இப்போது பாண்டியில் ஏசி ரிப்பேர். மெம்பர் பையில் 14 கிளப் இருக்கும், விதி அதற்கு மேல் விடாது. எங்களிடம் இருந்தது கிரிப் வழுவழுவென்று தேய்ந்துபோன ஒரே ஒரு செவன் அயர்ன் என்கிற இரும்புக் கிளப், அதுவும் நாலு பேருக்கு. திங்கட்கிழமை எங்களை ஆட விடுவார்கள். டீயிலிருந்தும் அதுதான், கிரீன் ஓரத்திலிருந்து தாழ்வாகத் தட்டிவிடுகிற சிப்புக்கும் அதுதான், புட்டுக்கும் அதுதான். ஸ்பெயினில் சேவே பாயஸ்டெரோஸ் என்று ஒருவர், சின்ன வயதில் தன் ஊர்க் கடற்கரை மணலில் ஒரு த்ரீ அயர்னை வைத்துக்கொண்டே எல்லா அடியும் பழகி, பின்னால் பிரிட்டிஷ் ஓப்பனை 1979, 1984, 1988 என்று மூன்று தடவை ஜெயித்தார் என்று ஒரு மெம்பர் கதை சொன்னார். அன்றைக்கு எங்கள் செவன் அயர்னுக்கு வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே!

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மண்ணில் குத்தியதும் வயிற்றில் பட்டதும் இரண்டு தப்பு என்று நினைக்கிறீர்கள். ஒரே தப்புதான். பந்தை நீங்கள் தூக்கிவிடப் பார்க்கிறீர்கள். சாம்பார் வாளியில் கரண்டியை விட்டு அள்ளுவது மாதிரி மணிக்கட்டு முன்னால் மடங்குகிறது, உடம்பு வலது காலுக்குச் சாய்கிறது. கிளப் தரையைத் தொட வேண்டிய இடம் பந்துக்குப் பின்னாலேயே வந்துவிடுகிறது. அங்கே மண் தடுத்தால் டஃப். மண்ணுக்குத் தப்பி மேலே ஏறும்போது பட்டால் டாப். தூக்குகிற வேலைக்குத்தான் இரும்பைச் சாய்த்துச் செய்திருக்கிறான் சார், அதற்கு நம் உதவி வேண்டாம்.

இரண்டு காலையும் நெருக்கி நில்லுங்கள். உடம்பின் கனம் இடது காலில், அடித்து முடிக்கும் வரை அங்கேயே. தோளை மட்டும் ஊஞ்சல் மாதிரி ஆட்டுங்கள், கிட்டத்தட்ட புட் போடுகிற மாதிரிதான். ஒரு துண்டை மடித்துப் பந்துக்கு ஒரு கையகலம் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். துண்டில் படாமல் பந்து போனால் சரி. மொட்டைமாடிக்கு இது போதும். செயற்கைப் புல் பாய் வாங்கினால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: பாய் பொய் சொல்லும். பின்னால் குத்தினாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை ஜோராக எடுத்துவிடும். துண்டு பொய் சொல்லாது.

அடுத்தது கிளப். உங்கள் பந்திலிருந்து கொடிக்கு மொத்தம் 24 கஜம். அதில் நாலு கஜம்தான் வெளிப்புல். எய்ட் அயர்னில் சிப் செய்தால், சமதளமான சுமார் வேக கிரீனில், ஒரு பங்கு பறக்கும், நாலு பங்கு உருளும். அதாவது 5 கஜம் பறந்து கிரீனுக்குள் காலடி வைத்தால் மீதியைப் பந்தே பார்த்துக்கொள்ளும். இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது: 12-லிருந்து கிளப் எண்ணைக் கழித்தால் உருளும் பங்கு. எய்ட் அயர்னுக்கு நாலு, நைனுக்கு மூன்று, பிட்சிங் வெட்ஜைப் பத்து என்று வைத்தால் இரண்டு. நீங்கள் 60 டிகிரியில் அதே அடியைப் பாதிக்கு மேல் பறக்கவிட வேண்டும். பெரிய வீச்சு, அதனால் பெரிய தப்பு. 5 கஜ வீச்சில் எவ்வளவு தப்பு பண்ணிவிட முடியும்?

மெம்பர்கள் பந்து விழ வேண்டிய இடத்தைப் பார்ப்பதே இல்லை, கொடியையே பார்ப்பார்கள். நான் பை தூக்கிய ஒரு பெரியவருக்கு இதே வியாதி. ஒருநாள் பந்தைக் கையில் கொடுத்து, 'சார், கிளப் வேண்டாம், கையால் கொடிக்குப் போடுங்க' என்றேன். குனிந்து, கீழ்க்கையாக உருட்டிவிட்டார். பந்து கிரீன் ஓரத்தில் ஒரு குதி குதித்து, உருண்டு போய்க் கொடிக்கு ஒரு முழத்தில் நின்றது. 'எங்கே விழுந்தது பார்த்தீங்களா?' என்றேன். பார்க்கவில்லை, ஆனால் கைக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு சிப்புக்கும் முன்னால் வெறும் கையை ஒரு தடவை அப்படி ஆட்டிப் பார்ப்பார். மஞ்சக்குப்பம் மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட்டுக்கு வருவதற்கு முன்னால் போய் இதைச் செய்யுங்கள். பத்துப் பந்து கையால், பத்து எய்ட் அயர்னால்.

அப்புறம் புல். பெர்முடா பெர்முடா என்று பெரிதாகச் சொல்வார்களே, பிள்ளையாருக்குச் சாத்துகிற நம் அறுகம்புல்தான் சார் அது. படுத்து வளரும். கொடியைப் பார்த்து நிற்கும்போது புல் வெளுத்துப் பளபளத்தால் அந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறது, பந்து ஓடும். கறுத்துத் தெரிந்தால் நம்மைப் பார்த்துப் படுத்திருக்கிறது. வெட்ஜின் கூர் விளிம்பு அதில்தான் சிக்கும். உங்கள் தோசை பெயர்ந்த இடத்தில் புல் எந்தப் பக்கம் பார்த்ததோ! அந்த மாதிரி இடத்தில் வெளிப்புல் கட்டையாக இருந்தால் கூச்சப்படாமல் புட்டரை எடுங்கள்.

செம்மண்டலம்:

எல்லோரும் சிப் சிப் என்கிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஆட்டங்களை அடி அடியாகக் கணக்கெடுத்துச் சொன்னது: நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரானவருக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு 100 கஜத்துக்கு வெளியே இருக்கிறது. கிட்டத்து ஆட்டம்தான் எல்லாம் என்பது பழைய நம்பிக்கை. கெடிலக்கரை சார், ஒரு எட்டு மனசில் தங்கிவிட்டது, அதனால் அதையே பிரச்சினை என்கிறீர்கள். அடுத்த தடவை ஒவ்வொரு குழியிலும் 50 கஜத்துக்குள் வந்தபிறகு எத்தனை அடி என்று கார்டு ஓரத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள். பிறகு பேசலாம்.

கெடிலக்கரை:

நியாயம். ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். போன ஆட்டத்தில் மொத்தம் 104. அதில் 50 கஜத்துக்குள் 61. எனக்கே பகீர் என்றது.

செம்மண்டலம்:

61-ஆ! எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்கிறது. போய் சிப் பழகுங்கள்.

வெள்ளை டபரா:

தம்பி, உங்கள் எட்டில் இரண்டு புட் இருக்கிறதே, அதை யாரும் பேசவில்லை. எனக்கு 63 வயது, வீடு பாண்டி முத்தியால்பேட்டையில். கோடையில் கொடைக்கானலில் தங்கும்போதுதான் ஆடுவேன். 1895-இல் தொடங்கிய மைதானம் அது. பந்து போகிற புல்வெளிப் பாதையான ஃபேர்வேயில் காட்டுமாடு நின்றால் அதற்கு மனசு வந்து நகரும் வரை நாமும் நிற்க வேண்டும். மீதிப் பத்து மாதமும் எனக்குக் கூடத்துத் தரைதான் கிரீன்.

வெறும் மொசைக்கில் பந்து நிற்காமல் ஓடும், கை கெட்டுப்போகும். ஜமக்காளம் விரியுங்கள், சுருக்கம் இல்லாமல். குழிக்கு முதலில் காபி டம்ளரைப் படுக்க வைத்தேன். என் டம்ளரின் வாய் ஏழு சென்டிமீட்டர், நிஜக் குழி 10.8. டம்ளரில் விழாமல் விழாமல் வெறுத்துப்போய் டபராவுக்கு மாறினேன். அளந்து பார்த்தால் அதன் வாய் கிட்டத்தட்ட குழி அளவு. ஒரு மாதம் கழித்து மறுபடி டம்ளர். அதற்கப்புறம் கொடைக்குப் போனால் குழி கிணறு மாதிரி தெரிகிறது.

தூரம் மூன்றடி போதும். எட்டடி புட்டில் அமெரிக்காவில் தொழிலாக ஆடுகிறவர்களே பாதிதான் போடுகிறார்கள். நாம் அதற்கு அழுது பயனில்லை. மூன்றடிதான் நம் சொத்து. சிப் செய்து மூன்றடிக்குள் கொண்டுவந்தால் அதை விடக் கூடாது. சின்ன வயதில் கோலி ஆடியிருப்பீர்களே, அப்போது விரலையா பார்த்தோம்? குழியைத்தானே? அமெரிக்க ஆட்டக்காரர் ஜோர்டன் ஸ்பீத் கிட்டத்துப் புட்டுகளைக் குழியைப் பார்த்துக்கொண்டே போட்டவர். ஒரு வாரம் அப்படிப் போட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்.

கெடிலக்கரை:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

மாடியில் பந்தைத் தடுக்க வலை வேண்டுமே என்று கடலூர் முதுநகர் பக்கம் போய்ப் பழைய மீன்வலை வாங்கி வந்து கட்டினேன். அங்கேதான் புத்தி வேலை செய்யவில்லை. கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர். நான் வாங்கிய வலையின் கண் அதைவிடப் பெரிது. மூன்றாவது பந்து வலைக்குள் புகுந்து, பக்கத்து வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த கூழ்வடகத்தின் நடுவில் போய் உட்கார்ந்தது. அந்த வீட்டு அக்கா பந்தை எடுத்து, ஒட்டியிருந்த வடகத்தையும் துடைக்காமல் அப்படியே கொண்டுவந்து கொடுத்தார். மறுபடியும் வலைக்குப் போனேன். 'எந்த மீனுக்கு சார்?' என்றார் கடைக்காரர். பந்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நெத்திலி வலையைக் கொடுத்தார். ஒரு பந்தும் தப்பவில்லை.

துண்டு முதல் வாரம் முழுக்கப் பறந்தது. பத்து நாள் கழித்துத்தான் பறப்பது நின்றது. 60 டிகிரியை விற்க மனசு வரவில்லை, அலமாரி மேல் கிடக்கிறது. சென்னையில் போன ஞாயிறு 98. 50 கஜத்துக்குள் 54. நானே ஆடிய என் ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு அடி: எய்ட் அயர்ன், கிரீனுக்குள் ஒரு கஜத்தில் விழுந்து உருண்டு போய் இரண்டடியில் நின்றது. அந்தப் புட்டை விட்டுவிட்டேன் என்பது வேறு விஷயம். வெள்ளை டபரா அம்மா மன்னிக்க வேண்டும்.

ஒரு சந்தேகம். பங்கருக்காக சில்வர் பீச்சில் 56 டிகிரி சாண்ட் வெட்ஜோடு விடியற்காலையில் பழகினேன். அலை வந்து போகிற இடத்தில்தான், ஆள் இல்லாத பக்கமாக. கிளப் முகத்தை வானம் பார்க்கத் திறந்து பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் அடி என்று எல்லோரும் சொல்வதையே செய்கிறேன். கிளப் மணலில் இறங்காமல் டங்கென்று எகிறிப் பந்தின் தலையில் படுகிறது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், 'மணல்ல எதுனா பொதச்சி வெச்சிருக்கியா தம்பி?' என்று கேட்கிற அளவுக்கு அடித்தாயிற்று. என்ன தப்பு?

லாஸ்பேட்டை ஏசி:

தப்பு உங்களிடம் இல்லை சார், மணலில். அலை நனைக்கிற மணல் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். சாண்ட் வெட்ஜின் அடிப்பாகத்தைப் புரட்டிப் பாருங்கள், புடைப்பாக இருக்கும். அதற்குப் பெயர் பவுன்ஸ். உதிரி மணலில் கிளப் ஆழப் புதையாமல் வழுக்கிக்கொண்டு போவதற்காக வைத்தது. முகத்தைத் திறந்தால் அந்தப் புடைப்பு இன்னும் வெளியே வரும். இறுகின மணலில் அதுதான் எகிறுகிறது. ஈர மணலில் அடித்தே ஆக வேண்டுமென்றால் முகத்தை நேராக வைத்து, புடைப்பு குறைந்த கிளப்பால் அடிக்க வேண்டும். அலமாரி மேல் இருக்கிற அந்த 60 டிகிரியின் அடியைப் பாருங்கள், தட்டையாக இருந்தால் இதற்குத்தான் ஆகும்.

மற்றபடி நாலு எட்டு மேலே ஏறி, உதிரி மணலுக்குப் போங்கள். பந்தில்லாமல் ஒரு கோடு கிழித்து, கோட்டிலிருந்து மணல் முன்னால் பறக்கிறதா என்று இருபது தடவை பாருங்கள், அப்புறம் பந்து. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அந்தப் பக்கம் ஆமை முட்டை வைத்திருக்கும், கால் தடம் பார்த்து இடம் எடுங்கள்.