சிறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினால் பிள்ளைகள் திருந்துகிறார்களா? போனவர்கள் சொல்லுங்கள்

எனக்கு அப்போது 15 வயது. கஞ்சாவோடு மாட்டிய ஒருவன், பாதி நாள் மட்டம் போடும் நான், இன்னும் ஆறேழு பேர். உள்ளே போய்ப் பார்த்தால் புத்தி வரும் என்று அனுப்பி வைத்தார்கள். வாசலிலேயே செல்ஃபோன், பெல்ட் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் ஒரு அறையில் நிற்கவைத்து, நாலைந்து கைதிகள் முகத்துக்கு நேரே வந்து கத்தினார்கள். இங்கே வந்தால் எனக்கு என்னவெல்லாம் நடக்கும் என்று ஒருவர் விவரமாகச் சொன்னார். அதை எழுதப் போவதில்லை.

பயந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயம் பஸ் கிளம்பும் வரைதான். பஸ்ஸில் ஒரே பேச்சு: யார் அழுதது, யார் முறைத்தது. கஞ்சாவோடு மாட்டியவன் கடைசி வரை தலை குனியவில்லையாம். அன்றிலிருந்து எங்களுக்கு அவன்தான் தலைவன்!

மனதில் நின்றவர் கத்தாமல் மூலையில் இருந்த ஒரு பெரியவர். கிளம்பும்போது, "தம்பி, வீட்டு நம்பர் மனப்பாடமா தெரியுமா?" என்றார். தெரியாது. "என்னைப் பிடிச்ச அன்னைக்கு எனக்கும் தெரியலை" என்றார். அவ்வளவுதான்.

*

நீங்கள் பஸ்ஸில் பார்த்ததைத்தான் ஆய்வுகளும் பார்த்தன. இதன் மூலவடிவம் அமெரிக்காவில் நியூஜெர்சியின் ராவே சிறையில் ஆயுள் கைதிகள் 1970களில் தொடங்கியது. அதைப் பற்றிய 1978 ஆவணப்படம் ஆஸ்கர் வாங்க, ஊரெல்லாம் அதையே செய்தார்கள். பேராசிரியர் ஜேம்ஸ் ஃபின்கனவர் போன பிள்ளைகளையும் போகாதவர்களையும் ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டார். மறுபடி குற்றத்தில் சிக்கியவர்கள், போகாதவர்களில் சுமார் 11 சதவீதம். போனவர்களில் சுமார் 41. சிறிய குழுதான், சரி. ஆனால் பிற்பாடு ஒன்பது பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், போகாமல் இருந்தவர்களே தேவலை என்றுதான் வந்தது.

நானும் இரண்டு முறை பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன், நல்ல எண்ணத்தில்தான். திரும்பி வரும் வழியில் அவர்கள் அமைதியாக இருந்ததைத் திருந்திவிட்டதாக எடுத்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து யாரையாவது விசாரித்தேனா என்றால், இல்லை.

*

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். போதைமருந்து வழக்கு. முதலில் என்னையும் கத்தத்தான் சொன்னார்கள். வாரத்தில் ஆறு நாள் எங்களை அதட்டுவார்கள், ஒருநாள் நாங்கள் அதட்டலாம். உண்மையைச் சொன்னால், அது பிடித்திருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அப்புறம் வந்த ஆலோசகர் அம்மா முறையை மாற்றினார். அதே பையன்கள், வாராவாரம், வட்டமாக உட்கார்ந்து. கத்தல் கிடையாது. எனக்கு ஆரம்பம் ஊசி இல்லை. முதுகு வலிக்கு ஒரு நண்பன் சும்மா கொடுத்த மாத்திரை. பத்து நாள் சும்மா, அப்புறம் கடன். கடனைக் கழிக்க ஒரு பொட்டலத்தை இன்னொருவனிடம் சேர்த்துவிட்டு வரச் சொன்னான். இதை மட்டும்தான் சொன்னேன். ஒருவனும் சிரிக்கவில்லை.

நாலாவது வாரம் ஒரு பையன் எல்லோரும் எழுந்த பிறகு கேட்டான்: "அண்ணா, பொட்டலம் எடுத்துட்டுப் போகாம அந்தக் கடனை அடைக்க முடியுமா?" எவ்வளவு என்று கேட்டேன். சொன்னான். பெரிய தொகையே இல்லை. ஆலோசகர் அம்மாவிடம் சொல்லலாமா என்றேன், தலையாட்டினான். அவர்கள் இருவரும் கதவருகே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். காவலர் எங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "அது அவன் விஷயம்" என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட ஆரம்பித்தார்.