புதுப்பிப்பு: செவலைப் பசுவின் கால்வீக்கம்

போன வாரம் கேட்டிருந்தேன்: களக்காட்டில் எங்கள் செவலைப் பசுவுக்கு முன்னங்கால் மூட்டு வீங்கிவிட்டது, அப்பாவுக்கு வாங்கிய டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி ஊசி மருந்து மீதி இருக்கிறது, போடலாமா என்று.

போடவில்லை. கால்நடை மருத்துவர் வந்து மெலாக்சிகாம் என்ற வேறொரு வலிநிவாரணி போட்டார். மூன்றாம் நாளே வீக்கம் வற்றியது. இன்று காலை கழனித்தண்ணித் தொட்டிவரை தானாக நடந்து வந்து, மூக்கு முங்கக் குடித்தாள்.

டைக்ளோஃபெனாக் போட வேண்டாம் என்று தடுத்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அப்புறம்தான் படித்தேன்: டைக்ளோஃபெனாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்றால் பாறுக் கழுகின் சிறுநீரகம் செயலிழக்கும், உள்ளுறுப்புகள்மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோலப் படியும். பாகிஸ்தானில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு காட்டியது இது. 2006இல் இந்தியாவில் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்குக்குத் தடை வந்தது. மெலாக்சிகாமைக் கழுகுகளுக்கே கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள்; பாதிப்பில்லை.