திவாலானால் வீடு தப்புமா? மாநிலத்துக்கு ஒரு கணக்கு ஏன்?

கதிர் (பிட்ஸ்பர்க்): அமெரிக்காவில் சாப்டர் 7 (சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் முறை) திவால் மனு போட்டால் நம்மிடம் எது மிஞ்சும் என்பது குடியிருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சாஸ் நகர்ப்புறத்தில் 10 ஏக்கருக்குள் இருக்கும் சொந்த வீடு எவ்வளவு மதிப்பானாலும் தப்பும். இங்கே பென்சில்வேனியாவின் விலக்குப் பட்டியலில், அதாவது கடன் கொடுத்தவர் தொட முடியாத சொத்துகளின் பட்டியலில், வீட்டுக்கென்று விலக்கே கிடையாது. ஃபெடரல் (மத்திய அரசு) பட்டியலை எடுத்தாலும் 31,575 டாலர்தான். அடமானக் கடன் போக வீட்டில் ஒரு லட்சம் மிச்சமிருந்தால், டிரஸ்டி (சொத்தை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடும் பொறுப்பாளர்) வீட்டை விற்று அந்த 31,575-ஐ மட்டும் கையில் கொடுப்பார். திவால் சட்டம் நாடு முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்கிறது. இதுவா சீர்?

செல்வம் (டாலஸ்): உச்ச நீதிமன்றம் 1902-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. திவால் சட்டம் இல்லாவிட்டால் அந்த மாநிலத்தில் கடன் கொடுத்தவர் எதைப் பிடிக்க முடியுமோ, அதைத்தான் டிரஸ்டி எடுக்கிறார். சீர் என்பதற்கு அது போதும் என்றது. கடன் வாங்கிவிட்டு டெக்சாஸுக்கு ஓடிவரவும் முடியாது. 2005 சட்டப்படி, வீடு வாங்கி 1,215 நாள் ஆகாவிட்டால் 214,000 டாலர்தான் உச்சவரம்பு. உங்கள் மாநிலத்திலும் வழி இருக்கிறது. வீடு தம்பதி இருவர் பெயரில் இருந்து, கடன் ஒருவர் பெயரில் மட்டும் என்றால், அந்த வீட்டைத் தொடுவது கடினம்.

கதிர்: கல்யாணம் ஆகாதவர் என்ன செய்வார்? கணவரை இழந்தவர்? ஓடிவருபவரைத்தான் அந்த 1,215 நாள் விதி தடுக்கிறது. பல வருடமாக அங்கேயே மாளிகையில் இருப்பவர் கடனைத் தள்ளிவிட்டு அதே மாளிகையில் இருக்கலாம். கூலி பாக்கி நிற்கும் தச்சருக்கு என்ன பதில்? கலிஃபோர்னியா 2021-இல் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) வீட்டு விலையைப் பார்த்து வீட்டு விலக்கை 3 முதல் 6 லட்சம் டாலர் வரை என்று வைத்தது. அந்த முறையை நாடு முழுக்கக் கொண்டுவரட்டும்.

ரேவதி (சிகாகோ): இரண்டு பேரும் வீட்டையே பேசுகிறீர்கள். வாடகைக்கு இருப்பவர்களின் கவலை காரும் கல்யாண நகையும்தான். ஃபெடரல் பட்டியலில் நகைக்கு ஆளுக்கு 2,125 டாலர், தாலிக்கொடிக்கே போதாது. ஆனால் வீட்டு விலக்கைப் பயன்படுத்தாதவர் அதில் 15,800 வரை வேறு எந்தப் பொருளுக்கும் மாற்றிக்கொள்ளலாம். செய்கூலி, சேதாரம் சேர்த்த கடை விலையைப் போடாதீர்கள். இன்று விற்றால் கிடைக்கும் விலைதான் கணக்கு. தங்கை வீட்டில் கொடுத்து வைக்கிற யோசனை மட்டும் வேண்டாம். டிரஸ்டி பழைய கைமாற்றங்களைத் தோண்டுவார், பொய்க் கணக்கு என்றால் கடன் தள்ளுபடியே போய்விடும்.

செல்வம்: ரேவதி சொல்வது சரி. ஆனால் அந்த ஃபெடரல் பட்டியலை எல்லா மாநிலமும் அனுமதிப்பதில்லை. உங்கள் இல்லினாயிலேயே கிடையாது. டெக்சாஸ் அனுமதிக்கிறது, மாநிலப் பட்டியலை எடுத்தாலும் குடும்பத்துக்கு நகை மட்டும் 25,000 வரை தப்பும். மாநிலத்திடம் விட்டதால்தான் இது கிடைத்தது. வாஷிங்டனில் ஒரே எண் வைத்தால் அது 31,575 பக்கம்தான் இறங்கும் கதிர், 6 லட்சம் பக்கம் ஏறாது.

கதிர்: அப்படியானால் குறைந்தபட்சத்தையாவது வாஷிங்டன் வைக்கட்டும். அதற்கு மேல் கொடுப்பதை மாநிலம் பார்த்துக்கொள்ளட்டும். இல்லினாயில் இருப்பவருக்கு அந்த ஃபெடரல் பட்டியல் ஏன் மறுக்கப்பட வேண்டும்?